தோல் கலர் பென்சில்

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு எங்கள் குடும்பத்தை வரைந்துகொண்டிருந்தாள். “அம்மா, அந்தத் தோல் கலர் பென்சில எடுங்க” என்றாள். வெளிறிய இளஞ்சிவப்புப் பென்சில் ஒன்று இருக்குமே, பாலர் பள்ளியில் பிள்ளைகள் அதற்கு வைத்திருக்கும் பெயர் அதுதான். அதை வைத்து அப்பா முகத்தைத் தீட்டினாள், தம்பி முகத்தைத் தீட்டினாள். என் முகத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. என்னை ஒருமுறை பார்த்தாள், பென்சிலைப் பார்த்தாள். கடைசியில் என் முகத்தையும் அவள் முகத்தையும் வெள்ளைத் தாளாகவே விட்டுவிட்டாள்.

அமெரிக்காவின் கிரேயோலா நிறுவனம் ‘சதை நிறம்’ என்று விற்றுவந்த கிரேயானின் பெயரை 1962-லேயே ‘பீச்’ என்று மாற்றிவிட்டது. சிங்கப்பூரில் எங்கள் வீட்டுத் தரையில் அது இன்னும் தோல் கலர்தான்.

நான் தமிழ்ப் பெண். கணவர் சீனர், ஹொக்கியன் குடும்பம். மகள் என் நிறம், மகன் அப்பா நிறம். அன்றைக்கு நான் மகளிடம் சொன்னது, நம்மில் பலரும் சொல்லுவதுதான்: “நிறமெல்லாம் ஒண்ணுமே இல்லம்மா, எல்லாரும் ஒண்ணுதான்.” பிள்ளை கண்ணால் பார்த்த ஒன்றை இல்லை என்று சொல்லிவிட்டேன். இந்தப் பேச்சை அம்மாவிடம் எடுக்கக்கூடாது என்று அவள் புரிந்துகொண்டாள். பெரிய தப்பு செய்துவிட்டோம் என்று எனக்குத் தெரிய ஒரு வருஷம் ஆனது.

திடீரென்று ஒருநாள் நீளக்கைச் சட்டைதான் வேண்டும் என்று அடம்பிடிக்க ஆரம்பித்தாள். சிங்கப்பூர் வெயிலில்! காரணம் கேட்டால் வாய் திறக்கவில்லை. பிறகு அவளுடைய ஆ மா, அதாவது என் மாமியார், வந்து சொன்னார். புளோக்குக்குக் கீழே விளையாடும்போது ஒரு பையன், “உன் கை அழுக்கு, என்னைத் தொடாதே” என்றானாம். இதை அவள் ஆ மாவிடம் சொல்லியிருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை.

அன்று ராத்திரி கணவரிடம் சொன்னேன். “சின்னப் பசங்க, விடு” என்றார். அவரைக் குறை சொல்லமாட்டேன். இந்த ஊரில் நான்கில் மூன்று பேர் சீனர்கள், அவருக்கு இப்படி ஒரு சொல் கேட்க வாய்ப்பே இருந்திருக்காது. கல்யாணத்துக்கு முன்னால் நான் வாடகைக்கு அறை தேடியபோது, என் பெயரைக் கேட்டதும் முகவர் ஒருவர், “வீட்டுக்காரர் இந்தியருக்குக் கொடுக்கமாட்டார்” என்று சொல்லிப் போனை வைத்ததை அன்றைக்குத்தான் அவரிடம் சொன்னேன். கல்யாணமாகி எட்டு வருஷம். புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்ளாததைப் பிள்ளையிடம் எப்படிப் பேசுவது?

மறுநாள் இரண்டு பேருமாக அவளை உட்காரவைத்தோம். “அந்தப் பையன் சொன்னது பொய். உன் கையில அழுக்கில்ல, அது என் நிறம், உன் பாட்டி நிறம். நிறத்த வச்சு ஒருத்தர மட்டமாப் பேசுறதுக்கு இனவெறின்னு பேரு. அது உன் தப்பு இல்ல” என்றேன். ஆறு வயதுக்கு அந்தச் சொல் பெரிதா? அவளுக்கு டைனோசர் பெயர்களே இருபது தெரியும். பிறகு கணவர் அந்தப் பையனாக நடித்தார், அவள் பதில் சொல்லிப் பழகினாள்: “அப்படிப் பேசாத. எனக்குப் பிடிக்கல.” மூன்றாவது ஒத்திகையில் சத்தம் ஜன்னலுக்கு வெளியே போனது.

தொடக்கநிலை ஒன்றில் தாய்மொழி வகுப்புக்குப் பிள்ளைகள் பிரிந்தபோது, அவள் குடும்பப் பெயரைப் பார்த்துவிட்டுச் சீன வகுப்பு வரிசையில் நிறுத்தினார்களாம். “டீச்சர், நான் தமிழ்” என்று தானாக வரிசை மாறி நின்றிருக்கிறாள்.

பிள்ளை எந்த இனம் என்ற சிக்கல் காகிதத்தில் எப்போதோ தீர்ந்துவிட்டது. 2011 முதல் இங்கே பிள்ளைக்கு இரண்டு இனத்தையும் சேர்த்துப் பதியலாம். ஆனால் எது முன்னால் வருகிறதோ அதுதான் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு வாங்கும்போது கணக்கு. ஒரு புளோக்கில் எந்த இனத்தார் எவ்வளவு பேர் இருக்கலாம் என்ற வரம்பு 1989-லிருந்து இருக்கிறது. ஜூலை 21, இன நல்லிணக்க நாள் வந்தால் பள்ளிக்குப் பாவாடை சட்டையா, சீன உடையான சியோங்சாமா என்று எங்கள் வீட்டில் ஒரு பஞ்சாயத்து நடக்கும். நடக்கட்டும், அது சந்தோஷமான பஞ்சாயத்து.

எனக்குக் கஷ்டமாக இருந்தது வேறொன்று. தீபாவளிக்கு வரும் என் அத்தை, மகனைத் தூக்கிவைத்துக்கொண்டு, “அப்பன் நிறம் அப்படியே வந்திருக்கு, ராஜாவாட்டம்!” என்பார். மகளைப் பார்த்து, “இவ நல்லாப் படிப்பா” என்பார். புளோக்குக்குக் கீழே விளையாடிய பையன் வைதான், அத்தை கொஞ்சினார். மகள் காதில் இரண்டும் ஒன்றாகத்தான் விழுந்திருக்கும். அந்தப் பையன் பேச்சுக்கு இனவெறி என்று பெயர் சொல்லிவிட்டு அத்தைக்கு முறுக்குத் தட்டை நீட்டினால், நான் சொல்லிக்கொடுத்ததை அவள் எப்படி நம்புவாள்? போன வருஷம் பிள்ளைகள் முன்னாலேயே சொல்லிவிட்டேன்: “அத்தை, இந்த வீட்டில நிறத்தப் பத்திப் பேசவேணாம்.” “ஏண்டி, நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?” என்று கிளம்பியவர் பொங்கல் வரை பேசவில்லை. மகள் மட்டும் அன்று ராத்திரி வந்து என் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

அடுத்த தீபாவளி வரப்போகிறது. எங்களைப் போன்ற வீட்டுக்கு நீங்களும் போவீர்கள். பிள்ளைகளிடம் பள்ளிக்கூடத்தைக் கேளுங்கள், விளையாட்டைக் கேளுங்கள், முறுக்கு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். யார் நிறம் யாருக்கு வந்திருக்கிறது என்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.