நலிந்த அரசு யாருக்கு?



உலக வங்கி அறிக்கைகளில் 'நலிந்த அரசு' என்றொரு சொல் புழங்குகிறது. சட்டத்தையும் சேவைகளையும் மக்களிடம் கொண்டுசேர்க்க முடியாத அரசு என்று பொருள். அங்கேதான் பயங்கரவாதம் முளைக்கும், ஆகவே வெளிநாடுகள் பணமும் பயிற்சியும் தந்து அந்த அரசின் திறனை வளர்க்க வேண்டும் என்பது வாதம். ஆப்கானிஸ்தான் படைக்கு அமெரிக்கா 20 ஆண்டுகள் பயிற்சி கொடுத்தது. 2021 ஆகஸ்டில் அந்தப் படை கலைந்துபோனது. நாம் பேசின் பிரிட்ஜிலிருந்து பேசுவோம்.

பாலத்துக்கு அருகே பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறது. ஓடுகிறது என்பதே மரியாதைக்குச் சொல்வதுதான். பெருமழை வந்தால் புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் வீட்டுக்குள் தண்ணீர். சாக்கடை விஷயத்தில் அரசு இங்கே நலிந்ததுதான். லத்தி விஷயத்தில் அப்படி ஒருநாளும் இருந்ததில்லை. 1921 பின்னி ஆலை வேலைநிறுத்தத்தில் புளியந்தோப்பு ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடும் நடந்தது. குடிசை இழந்தவர்களையே இடம்பெயர்க்கச் சொன்னார் தியாகராயர். எம்.சி. ராஜா பிறகு நீதிக்கட்சியை விட்டு விலகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

1977-ல் உலக வங்கிக் கடனில் சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் வந்தது. அடுக்குமாடி கட்டித் தருவது அரசுக்குக் கட்டுப்படியாகாது, மனையும் குழாயும் கொடுத்துத் தவணை வாங்குங்கள் என்றது வங்கி. கொடுங்கையூரில் மனை பிரித்தார்கள். சிலர் அதில் காலூன்றினார்கள், மறுக்கவில்லை. ஆனால் அரசுக்கு வளர்ந்த திறன் எது? வசூலிக்கும் திறன்.

ஐந்தே ஆண்டில், 1982-ல், குண்டர் தடுப்புச் சட்டம். விசாரணையின்றி ஓராண்டு வரை சிறை. 'குடிசைப் பகுதி நிலம் பறிப்போர்' என்று அதன் பெயரிலேயே இருக்கிறது. வடசென்னையில் அந்தச் சட்டத்தில் போகிறவர்கள் பெரும்பாலும் நிலமே இல்லாத வீட்டுப் பையன்கள்.

2001 செப்டம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவை 1373-ஆம் தீர்மானத்தால் எல்லா நாடுகளையும் பயங்கரவாதச் சட்டம் கொண்டுவரச் சொன்னது. அடுத்த மாதமே இங்கே பொடா அவசரச் சட்டம். 2004-ல் பொடா போனது, அதன் பிரிவுகள் ஊபாவுக்குள் குடியேறின. கால்வாயைத் தூர்வார இத்தனை அவசரம் யாரும் காட்டியதில்லை.

மாணவர்களுக்கு ஒரு வேலை. உங்கள் தெருவில் குண்டர் சட்டத்தில் போனவர்களின் காவல் ஆணைகளை வாங்கிப் படியுங்கள். 'பொது ஒழுங்குக்குப் பங்கம்' என்ற வரிக்குக் கீழே என்ன சம்பவம் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அறிவுரைக் குழுவின் முன் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளக்கூட அவர்களுக்கு உரிமை கிடையாது. பல ஆணைகளை உயர் நீதிமன்றம் ரத்து செய்கிறது. அதற்குள் பையனுக்கு வேலை போயிருக்கும், தேர்வு முடிந்திருக்கும்.