காசு கிடந்த இடம்

 

யவனர் கலங்கள் பொன் கொணர்ந்து மிளகு ஏற்றிச் சென்றதை அகநானூற்றின் 149ஆம் பாடல் நமக்குச் சொல்கிறது. ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமானிய அறிஞர் பிளினி வருந்தி எழுதினார். நம் புலவரின் பெருமிதத்திற்கும் அவருடைய வருத்தத்திற்கும் கண்கண்ட சான்றுகளாக இருப்பவை, பேரரசர் தலை பொறித்த உரோமானியக் காசுகளே.

1898இல் புதுக்கோட்டைச் சீமையின் கருக்காக்குறிச்சியில் 501 பொற்காசுகள் ஒருசேரக் கிடைத்தன. அகஸ்டஸ் முதல் வெஸ்பேசியன் வரையிலான அரசர்களின் காசுகள் அவை. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் அரசனின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு இருக்கிறது. ஏன் வெட்டினார்கள்? தேய்ந்த காசு மீண்டும் புழங்காதிருக்கவா? பொன்னின் தரம் காணவா? அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். எவ்வாறாயினும், உரோமையில் வணங்கப்பட்ட முகம் இங்கே நிறைக்குரிய பொன்னாகவே கருதப்பட்டது என்பது தெளிவு.

அதே முகம் வேறோரிடத்தில் வேறு வேலை செய்தது. கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த சேரரின் வெள்ளிக்காசில் ஓர் அரசனின் தலையும், 'மாக்கோதை' என்னும் பெயர் தமிழ் பிராமி எழுத்திலும் உள்ளன. தலை பொறிக்கும் வழக்கம் உரோமானியக் காசைக் கண்டு வந்தது என்பது ஆய்வாளர் கருத்து. ஓரிடத்தில் வெட்டுப்பட்டது, மற்றோரிடத்தில் முன்மாதிரியாயிற்று.

இவற்றையெல்லாம் நாம் எப்படி அறிந்தோம்? கிடைத்த இடம் தெரிந்ததால் அறிந்தோம். 501 காசுகளும் ஒரே புதையல் என்று பதிவானதால்தான் வெட்டுத் தழும்பு ஒரு கேள்வியாயிற்று. அவை ஒவ்வொன்றாகக் கைமாறியிருந்தால், பழுதுபட்ட காசு என்று விலை குறைத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

கவிஞர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். புறநானூற்றுப் பாட்டின் கீழே இன்னார் இன்னாரைப் பாடியது என்றொரு குறிப்பு உண்டு. சில பாடல்களுக்கு அக்குறிப்பு அழிந்துவிட்டது. பாட்டின் சுவை குறையவில்லை; ஆனால் அது யாரைப் பற்றியது என்று நமக்குத் தெரியாது. காசு கிடந்த இடம், காசுக்கு அத்தகைய குறிப்பு. முகத்தை மட்டும் சேர்ப்பவர் பாட்டை வைத்துக்கொண்டு குறிப்பைக் கிழித்தெறிகிறார்.

நமக்கு வடக்கே வைகை மணலில் கி.பி. நான்கு, ஐந்தாம் நூற்றாண்டுகளின் சிறு உரோமானியச் செப்புக்காசுகள் கிடைத்துள்ளன. கிழக்கே வைகையின் முகத்துவாரத்தை ஒட்டிய அழகன்குளத்தில், 1986-87இல் தொடங்கிய அகழாய்வுகளிலும் உரோமானியக் காசுகள் வெளிப்பட்டன. இடையே கிடப்பது அருப்புக்கோட்டைக் கரிசலும் திருச்சுழிக் குண்டாற்றங்கரையும். நம் கண்மாய்களை இன்று இயந்திரங்கள் தூர்வாருகின்றன. உழவு இயந்திரம் மண்ணை ஆழமாகப் புரட்டுகிறது. மழைக்குப்பின் கரிசலில் ஒரு காசு மின்னினால் அது எங்கே போகும்? பொன்னாயின் உருக்குமூசைக்கு, செம்பாயின் எடைக்கடைக்கு, அறிந்தவர் கண்ணில் பட்டால் ஊர்ப்பெயர் இழந்து யாரோ ஒருவரின் பேழைக்கு.

1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். சட்டத்தின் மேல் உள்ள அச்சமே பலரை வாய்மூடச் செய்கிறது. அந்த அச்சத்தைப் போக்க, ஊரில் மதிப்புள்ள ஒருவர் உடன்செல்ல வேண்டும். நம் உறுப்பினர் பலர் சிற்றூர்களில் ஆசிரியர்கள். மாணவர் ஒரு பழங்காசைக் கொணர்ந்தால் முதலில் விலையைப் பேசாதீர்கள். எந்த ஊர், எந்தப் புஞ்சை, எவ்வளவு ஆழம், உடன் பானையோடு இருந்ததா என்று கேட்டு, அன்றே எழுதி வையுங்கள்.

அந்த நான்கு வரிகள் இல்லையேல், பேரரசன் முகம் இருந்தும் நம் மண்ணைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்லாது.