மிம்பரும் குடியிருப்பும்

 

1969 ஆகஸ்ட் 21 அன்று ஜெருசலேமின் அல்-அக்ஸா பள்ளிவாசலுக்கு ஆஸ்திரேலியர் ஒருவர் தீ வைத்தார். நூருத்தீன் ஜங்கி அலெப்போவில் செய்வித்து, ஸலாஹுத்தீன் 1187-இல் நகரை மீட்டபின் கொண்டுவந்து நிறுவிய மரமிம்பர், அதாவது உரைமேடை, அதில் எரிந்துபோனது. அடுத்த மாதமே ரபாத்தில் முஸ்லிம் நாட்டுத் தலைவர்கள் கூடினார்கள். இன்று 57 நாடுகளைக் கொண்ட இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பு அந்தத் தீயிலிருந்து பிறந்ததுதான்.

பிறகு 1975-இல் அவ்வமைப்பின் அல்-குத்ஸ் (ஜெருசலேம்) குழு வந்தது. 1998-இல் அதன் நிதிக்கரமான பைத்து மால் அல்-குத்ஸ் முகமை ரபாத்தில் தொடங்கப்பட்டது. மாநாட்டுக்கு மாநாடு தீர்மானங்களுக்குக் குறைவில்லை. ஆனால் முகமையின் செலவில் பெரும்பங்கைச் சுமப்பது மொராக்கோ ஒன்றுதான். இதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

கூட்டுழைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அந்த மிம்பரே சான்று. ஜோர்தானில் அதை மீண்டும் செய்தார்கள். பழைய படங்களையும் எஞ்சிய துண்டுகளையும் வைத்து ஒவ்வொரு கோணத்தையும் கணக்கிட்டு, 16,000-க்கும் மேற்பட்ட மரத்துண்டுகளை ஆணியும் பசையும் இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று பொருத்தினார்கள். துருக்கியிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்த தச்சர்கள் ஜோர்தானியரோடு ஒரே பட்டறையில் உழைத்தார்கள். 2007-இல் மிம்பர் தன் இடத்துக்குத் திரும்பியது. 38 ஆண்டுகள் ஆயின என்றாலும், செய்து முடித்தார்கள்!

ஆனால் தொழ ஆளில்லாத ஊரில் மிம்பர் எதற்கு? 1967-இல் பழைய நகரின் மதிலுக்குள் இருந்த மொராக்கோ குடியிருப்பு ஓரிரு நாளில் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. கிழக்கு ஜெருசலேமில் மிஞ்சியிருக்கும் பாலஸ்தீனர்களில் பெரும்பாலோருக்கு இஸ்ரேல் தருவது வசிப்புரிமை மட்டுமே. வாழ்க்கையின் மையம் ஜெருசலேம்தான் என்று அவர்கள் நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும். தவறினால் அடையாள அட்டை பறிபோகலாம். கூரை ஒழுகி, சுவர் ஊறி, வாழ முடியாமல் ஒரு குடும்பம் ஊருக்கு வெளியே குடிபோனால், திரும்பும் வழி அடைபடக்கூடும். அங்கே ஒரு கூரையைப் பழுது பார்ப்பது ஒரு குடும்பத்தின் உரிமையைக் காப்பதாகும்.

இதைப் புரிந்துகொண்டு செயல்பட்டது பாலஸ்தீன நல வாரியமான தஆவுன். 1994 முதல் அது பழைய நகரின் வீடுகளையும் மத்ரஸாக்களையும் செப்பனிட்டுவருகிறது. 2004-இல் ஆகா கான் கட்டடக்கலை விருது அப்பணிக்குக் கிடைத்தது.

இந்தியர்களான நமக்கும் இதில் பங்குண்டு. சூஃபி ஞானி பாபா ஃபரீதின் நினைவாக நிற்கும் இந்திய விடுதி இன்றும் ஹிரோது வாயிலருகே இருக்கிறது. கிலாஃபத் இயக்கத் தலைவர் மௌலானா முஹம்மது அலி 1931 முதல் அந்நகரில்தான் அடங்கியிருக்கிறார். முதல் கிப்லாவான அல்-அக்ஸாவை நேசிக்கும் உரிமையை யாரிடமும் கேட்டுப் பெற வேண்டியதில்லை நாம்.

இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் உறுப்பு நாடுகளிடம் என் கோரிக்கை இதுதான்: அறிக்கைக்கு முன் முகமைக்கான ஆண்டுப் பங்கைச் செலுத்துங்கள். அதில் முதல் செலவு மக்கள் குடியிருக்கும் வீடுகளுக்காக இருக்கட்டும்; மினாராக்கள் அதன்பின் வரலாம்.