பாட்டுக்காரிக்கு வாழ்த்துப்பா
(தாம்பரத்தில் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



எனக்கு முன் பேசிய வாலிபத் தோழர், கானா பாடகி தோழர் இசைவாணி அவர்களைப் போற்றித் தாம் எழுதிய கவியைப் படித்தார். நீங்கள் கை தட்டினீர்கள், நானும் தட்டினேன். ஆனாலும் அக்கவியில் எனக்குச் சில ஆட்சேபணைகள் உண்டு. அவற்றை மறைக்காமல் சொல்லுவதுதான் அத்தோழருக்கு நான் செய்யும் மரியாதை என்று கருதுகிறேன்.

கவியின் முதலில் அவ்வம்மையாரைக் குயில் என்கிறார்; பிறகு கலைமகள் என்கிறார்; கடைசியில் தெய்வமே என்று கும்பிட்டே விட்டார். தோழர்களே! சோலையில் கூவுகிற குயில் ஆண் குயில் என்பது பறவைகளை ஆராய்ந்தவர்கள் கண்ட உண்மை. தெய்வமோ வாயே திறவாது. வாய் திறந்து கேட்டதற்காகவே புகழத்தக்க ஒரு பெண்ணை, வாயில்லாத கல்லோடு சேர்ப்பது புகழ்ச்சியா என்று கேட்கிறேன்.

அவர் செய்தது என்ன? கானா என்பது சபாவில் பிறந்த சங்கீதமல்ல. வடசென்னையில் உழைக்கிற மக்கள் குடியிருக்கும் தெருக்களில், சாவு வீட்டில் விடிய விடியப் பாடி வளர்ந்த பாட்டு. மேல்சாதிக்காரர் அதைக் கேவலம் என்றார்கள். அந்தக் கேவலத்துக்கு ஆளானவர்களோ, "இது ஆண்பிள்ளை பாடுகிற பாட்டு" என்று தங்கள் வீட்டுப் பெண்களைத் தள்ளி வைத்தார்கள். மேலே இருப்பவன் நம்மை மிதிக்கிறான் என்று அழுகிறவன், வீட்டுக்குள் தான் மிதிப்பதற்கு ஓர் ஆளை வைத்துக்கொண்டிருக்கிறான். இதுதான் நம் நாட்டுச் சாதி முறையின் சூட்சுமம்.

2017-ஆம் ஆண்டில் தோழர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழுவைச் சேர்த்தார்கள். சாதியற்ற தமிழர் என்று அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன கருத்தையே பெயராக வைத்தார்கள். மாட்டுக்கறியைப் பற்றியும் இடஒதுக்கீட்டைப் பற்றியும் மேடையேறிப் பாடிய அக்குழுவில், அத்தனை ஆண்களுக்கு நடுவே பெண்ணாக நின்றவர் இசைவாணி. 2020-இல் பி.பி.சி. உலகத்துப் பெண்மணிகள் நூறு பேரைத் தேர்ந்தெடுத்த ஜாபிதாவில் இவர் பெயரும் இருந்தது.

2018-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ந் தேதி, எல்லா வயதுப் பெண்களும் சபரிமலைக்குப் போகலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அக்காலத்தில் பெண்ணுக்குள்ள உரிமையைக் கேட்டு அவர் பாடிய பாட்டுக்கு 'ஐ ஆம் சாரி ஐயப்பா' என்று பெயர். பெயரில்தான் மன்னிப்பு இருக்கிறதே ஒழிய, பாட்டில் இருப்பது கேள்வி. ஆறு வருஷம் கழித்து, 2024 நவம்பரில், சிலருக்குத் திடீரென்று அது புண்படுத்திற்றாம்! போலீசில் புகார் கொடுத்தார்கள். கைது செய் என்றார்கள். ஒரு பெண்ணைத் திட்டுவதற்கு எந்தெந்த வார்த்தை உண்டோ அவ்வளவையும் கொட்டினார்கள். பாட்டுக்குப் பதில் பாட்டாவது எழுதியிருக்கலாம். கேள்விக்குப் பதிலாவது சொல்லியிருக்கலாம். பதில் இல்லாதவனுக்குத்தானே வசவு வேண்டும்?

இது புதிதல்ல. இதே சென்னையில் பெங்களூர் நாகரத்தினம்மாள் என்ற பாடகி, முத்துப்பழனி என்ற பெண் தெலுங்கில் எழுதிய 'ராதிகா சாந்த்வனம்' என்ற காவியத்தை 1910-இல் முழுமையாக அச்சிட்டார். பெண்ணின் ஆசையைப் பெண்ணே எழுதியதை ஆபாசம் என்று முன்பே கண்டித்திருந்தவர் யார் தெரியுமா? விதவா விவாகத்துக்குப் பாடுபட்ட வீரேசலிங்கம் பந்துலு! வெட்கம் என்பது பெண்களுக்கு மட்டுந்தானா என்று அம்மையார் திருப்பிக் கேட்டார். சர்க்கார் புத்தகத்தைத் தடை செய்தது. 1947 வரை அத்தடை நீங்கவில்லை. சீர்திருத்தக்காரன் என்று மார் தட்டிக்கொள்ளுகிற நாம் இதிலே படிக்க வேண்டிய பாடம் இருக்கிறது.

கடல் கடந்தால் மட்டும் வேறா? அமெரிக்காவில் சுரங்கத் தொழிலாளியின் மகளாய்ப் பிறந்த லொரெட்டா லின் என்ற நாட்டுப்புறப் பாடகி, 1975-இல் கர்ப்பத்தடை மாத்திரையைப் பற்றிப் பாடியபோது, பல ரேடியோ நிலையங்கள் அப்பாட்டை ஒலிபரப்ப மறுத்தன. வெள்ளைக்காரனானாலும் கறுப்பனானாலும், பெண் தன் உடம்பைப் பற்றித் தானே பேசினால் ஆணுக்குக் காது வலிக்கிறது.

இனி நம்மூருக்கு வருவோம். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. காலேஜுப் பிள்ளைகள் பெட்டியின் தகரத்தில் தாளம் போட்டுக் கானா பாடுவதைக் குரோம்பேட்டைக்காரரும் பல்லாவரத்துக்காரரும் பார்த்துக்கொண்டுதான் வருகிறார்கள். "வயசுப் பிள்ளைகள்" என்று சிரித்துக்கொள்ளுகிறோம். அதே பெட்டியில் ஒரு பெண் எழுந்து பாடினால் என்ன சொல்லுவோம்? "எவன் வீட்டுப் பெண் இது?" என்போம். அவள் யார் என்று கேட்க மாட்டோம். எவனுடையவள் என்றுதான் கேட்போம்.

ஊரைச் சொல்லுவானேன்? என் மகள் வீட்டில் வாய்விட்டுப் பாடியபோது, "மெதுவாய்ப் பாடு, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்" என்று அடக்கியவன் நான். கூட்டத்தில் இசைவாணிக்குக் கை தட்டுகிறேன். வீட்டிலே மகளுடைய குரலைக் குறைக்கிறேன். அவள் அன்றைக்கு நிறுத்திய பாட்டை அப்புறம் எடுக்கவேயில்லை. எனக்கு எதிராகப் புகார் கொடுக்க எந்தப் போலீஸ் இருக்கிறது?

ஆகவே கவி எழுதிய தோழருக்கு நான் சொல்லுவது இதுதான். குயிலை எடுத்துவிடுங்கள், கலைமகளை எடுத்துவிடுங்கள், கும்பிடுவதை அவசியம் எடுத்துவிடுங்கள். வடசென்னையில் பிறந்த ஒரு பெண், தன் தெருப் பாட்டைத் தன் குரலில் பாடினாள். கேட்க வேண்டியதைக் கேட்டாள் என்று மட்டும் எழுதுங்கள். அதைவிடப் பெரிய புகழ்ச்சி மனிதப் பிறவிக்கு வேறில்லை.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. கூட்டம் முடிவதற்கு முன் இந்த மேடை காலியாகத்தான் இருக்கும். உங்கள் பெண்களில் எவளுக்காவது பாட இஷ்டமிருந்தால் அனுப்புங்கள். தாளம் தப்பினாலும் பாதகமில்லை. மெதுவாய்ப் பாட வேண்டாம்; பக்கத்துத் தெருவுக்குக் கேட்கட்டும் என்று சொல்லி, என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.