வயது போனால் மறதி வரும் என்பது முழு உண்மையல்ல
(தெமோதரையில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இந்த நூற்றாண்டு விழாவுக்கு வந்திருக்கும் மூத்த சகோதரிகள் பலர் 70 வயதைத் தாண்டியவர்கள். மற்றவர்களில் பலர் அம்மாவையோ மாமியாரையோ வீட்டில் வைத்துப் பராமரிப்பவர்கள். ஆகவே அல்சைமர் நோயைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான சபை நமக்குக் கிடைக்காது.

சாவியை எங்கோ வைத்துவிட்டுப் பிறகு நினைவுபடுத்திக்கொள்வது எல்லோருக்கும் உள்ளதுதான். ஆனால் காலமெல்லாம் நடந்த லயத்துப் பாதையில் வழி தெரியாமல் நிற்பதும், வேலையிலிருந்து நின்று பல வருடங்களான பின்னும் பெரட்டுக்கு நேரமாகிவிட்டதென்று இருட்டில் கொழுந்துக் கூடையைத் தேடுவதும், மருமகள் நகையை எடுத்துவிட்டாள் என்று ஓயாமல் சொல்வதும் அப்படியல்ல. இவற்றை நாம் 'வயசு போயிட்டு' என்று விட்டுவிடுகிறோம். சிலர் செய்வினை என்கிறார்கள். உண்மையில் இவை மூளையில் ஏற்படும் நோயின் அடையாளங்களாக இருக்கலாம்.

1906 ஆம் ஆண்டு ஜெர்மனிய வைத்தியர் அலொய்ஸ் அல்சைமர் இந்நோயை முதன்முதலில் விவரித்தார். மூளையில் சில புரதங்கள் படிந்து, நரம்புக் கலங்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. உலகில் ஐந்தரைக் கோடிக்கும் மேற்பட்டோர் மறதி நோய்களுடன் வாழ்கிறார்கள். அவர்களில் 60 முதல் 70 வீதமானோருக்கு இருப்பது அல்சைமர். நமது நாட்டிலும், ராகமையில் 65 வயதுக்கு மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2003 இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 100 பேரில் 4 பேருக்கு மறதி நோய் காணப்பட்டது.

ஆனால் மறதி எல்லாம் அல்சைமர் அல்ல. தைரொயிட் குறைபாடு, விற்றமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு, சில மருந்துகள் ஆகியவையும் மறதியைத் தரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஓரிரு நாட்களில் திடீரெனக் குழப்பம் வந்தால் அது சிறுநீர்த் தொற்றாகவும் இருக்கலாம். தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பதுளை போதனா வைத்தியசாலைக்குப் போகும்போது, ஒரு வருடத்துக்கு முன் அம்மா தனியே செய்த எந்த வேலையை இப்போது செய்ய முடியவில்லை என்று கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். ஞாபகசக்திப் பரிசோதனையில் எழுதவும் கணக்குச் சொல்லவும் கேட்பார்கள். பள்ளிக்கூடம் போகாத அம்மா அதில் தடுமாறினால் அது நோயினால் மட்டும் என்றில்லை. அதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். சிங்களமும் தமிழும் தெரிந்த ஒருவர் கூடப் போவது நல்லது.

கைத்தொலைபேசியில் வரும் தகவல்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். யார் சொல்கிறார், எப்போது சொன்னது, நம்மிடம் எதையாவது விற்கப் பார்க்கிறாரா என்ற மூன்றையும் கேட்டுப் பார்ப்போம். அல்சைமரை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. சிலருக்கு அறிகுறிகளைச் சிறிது காலம் தணிக்கும் மருந்துகள் உண்டு. 'ஒரு மாதத்தில் குணம்' என்ற எண்ணெய்க்கும் தூளுக்கும் சேமிப்பைக் கொடுத்துவிடாதீர்கள். கொழும்பு மருதானையில் இயங்கும் லங்கா அல்சைமர் பவுண்டேஷன் 2001 முதல் இப்பணியைச் செய்துவருகிறது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம்.

வீட்டில் பெரட்டுக்குப் புறப்படும் அம்மாவுடன் வாதாடிப் பயனில்லை. "இன்றைக்கு வேலை இல்லையாம், அம்மா" என்று சொல்லித் தேநீர் கொடுத்தால் அமைதியடைவார். சரிவும் ரயில் பாதையும் உள்ள ஊர் இது. அவருடைய உடுப்பில் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் தைத்து வையுங்கள்.

நம்மில் ஆசிரியைகள், தாதியர், இரு மொழியும் அறிந்தவர்கள் இருக்கிறோம். இத்தகவல்களை ஒரு பக்கத்தில் எளிய தமிழில் எழுதி, வைத்தியரிடம் சரிபார்த்து, ஒவ்வொரு தோட்ட டிஸ்பென்சரியிலும் கோவிலிலும் ஒட்டுவோம். அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் மகளுக்கும் மருமகளுக்கும் வாரத்தில் அரை நாளாவது ஓய்வு கிடைக்க, முறை வைத்து நாம் போய் உட்காருவோம். சங்கத்தின் அடுத்த நூற்றாண்டுப் பணியை இதிலிருந்து தொடங்குவோம்.