படக்கதையும் நம் பிள்ளைகளும்

(சங்க ஆண்டு விழாவில் படக்கதை வாசகர் குழுவின் சார்பில் நிகழ்த்திய உரை)



‘புதிதாக வெளிவந்துள்ள படக்கதைகள்’ என்பது எங்களுக்கு அளிக்கப்பட்ட பொருள். நிகழ்ச்சி நிரலில் இதனைக் கண்டபோது, “ஆண்டு விழாவில் பேசுவதற்கு வேறு பொருளா கிடைக்கவில்லை?” என்று சிலர் நினைத்திருக்கக் கூடும். அவர்கள் மீது எங்களுக்கு வருத்தம் இல்லை. ஆயினும், குறள் ஒப்பித்த பிள்ளைகளிற் சிலர் மடித்து வைத்திருந்த துண்டுத்தாளை நாங்கள் பார்த்தோம். குறள் தமிழ்தான், எழுத்தோ கன்னடமும் ஆங்கிலமும். இதில் பிள்ளைகளின் குற்றம் சிறிதும் இல்லை. இந்த மண்ணின் மொழியாகிய கன்னடத்தை அவர்கள் பள்ளியில் நன்றாகக் கற்கிறார்கள்; கற்கவும் வேண்டும். வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். தமிழ் எழுத்து மட்டும் இரண்டுக்கும் நடுவே விழுந்துவிட்டது. அதை எடுத்துத் தரும் கைகளுள் படக்கதையும் ஒன்று என்பதே நாங்கள் சொல்ல வந்தது.

நம்மில் ஐம்பது வயதைக் கடந்தோர் பலர் அந்தக் கையை அறிவர். சிவகாசியிலிருந்து 1972-இல் முத்து காமிக்ஸ் புறப்பட்டது. அதன் முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி. 1984-இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் தோன்றின. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கிய அப்புத்தகங்களை, அப்பாவின் சட்டைப் பையையும் கடைக்காரரின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்து வாங்கிய தலைமுறை நாம். அவற்றைப் படித்ததனால் நாம் கெட்டுப் போனோமா? பாடநூலை மூடினால் படிப்பே முடிந்தது என்றிருந்த வீடுகளில், தானாக எடுத்துப் படிக்கும் பழக்கத்தை உண்டாக்கியவை அவையே அன்றோ!

மாயாவியின் பிறப்பிடம் இங்கிலாந்து. 1962-இல் தொடங்கிய ‘வேலியண்ட்’ என்னும் வார இதழில் அவன் தோன்றினான். ஆய்வுக்கூட உதவியாளன் ஒருவன் விபத்தில் வலக்கையை இழக்கிறான். இரும்புக் கை பொருத்திக் கொள்கிறான். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து கை மட்டும் தெரியும். அவனை வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஜெசூஸ் பிளாஸ்கோ. அந்நாளைய ஆங்கில வார இதழ்களில் படைப்போர் பெயரை அச்சிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. ஆகவே, நாம் உயிராய் நேசித்த சித்திரங்களை வரைந்தவர் யார் என்பதை நாம் அறியாமலே வளர்ந்தோம்.

இவ்விடத்தில் ஒரு செய்தி சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்னும் இரு இளைஞர்கள் சூப்பர்மேனைப் படைத்தார்கள். 1938-இல் அதன் உரிமையை அவர்கள் விற்ற விலை 130 டாலர். அந்த வீரனால் பிறர் கோடி கோடியாய் ஈட்டினர். படைத்தவர்களோ வழக்காடித் தோற்று வறுமையுற்றனர். 1975-இல்தான் ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும், சூப்பர்மேன் கதைகளில் பெயர் பொறிக்கப்படும் சிறப்பும் அவர்களுக்குக் கிட்டின. இடைப்பட்ட காலத்தில், 1960-களில், அதே சீகல் இங்கிலாந்து இதழ் ஒன்றுக்காக எழுதிய கதைகளே, பின்னர் லயன் காமிக்ஸில் நாம் படித்து மகிழ்ந்த ஸ்பைடர் கதைகளுட் பல. சூப்பர்மேனைப் பெற்றவரின் எழுத்தைத் தமிழ்நாட்டுச் சிற்றூர்த் திண்ணையில் அமர்ந்து, அவர் பெயரே தெரியாமல் படித்திருக்கிறோம்!

இனிப் புதியவற்றுக்கு வருவோம். மாவீரர் கதைகளில் அண்மையில் எங்கள் உள்ளத்தைக் கவர்ந்தவை, டி.சி. நிறுவனம் 2024 அக்டோபரில் தொடங்கிய ‘அப்சல்யூட்’ வரிசைக் கதைகள். பழைய பேட்மேன் பெருஞ்செல்வன். மாளிகையும் பணியாளும் உடையவன். ஸ்காட் ஸ்நைடர் எழுத, நிக் டிரகோட்டா வரையும் புதிய பேட்மேனோ பள்ளி ஆசிரியரின் மகன். உழைத்துப் பிழைக்கும் பொறியாளன். செல்வத்தை நீக்கிவிட்டால் வீரம் எஞ்சுமா என்பதே கதை எழுப்பும் வினா. எஞ்சும் என்று அது நம்பும்படி காட்டுகிறது. ஆனால் குருதியும் கொடுமையும் மிகுந்த கதை அது. சிறுவர் கையில் தரத் தக்கதன்று. அதே வரிசையில் ஜேசன் ஆரன் எழுதும் சூப்பர்மேன், சுரங்கத் தொழிலாளர்களுக்காகப் பேராற்றல் படைத்த நிறுவனம் ஒன்றை எதிர்க்கிறான். பொம்மசந்திரா ஆலைகளில் மூன்று ஷிப்டு பார்க்கும் நமக்கு, வானத்திலிருந்து வந்த அவன் சற்றே உறவினனாகத் தோன்றுகிறான்.

குறையையும் மறைக்க மாட்டோம். இப்பெரு நிறுவனங்கள் ஒரு கதையை முடிக்கப் பத்துப் புத்தகம் வாங்கச் செய்கின்றன. 1992-இல் சூப்பர்மேனைக் கொன்றார்கள். அடுத்த ஆண்டே எழுப்பினார்கள். சாவுக்கே மதிப்பில்லாத இடத்தில் வீரத்துக்கு என்ன மதிப்பு? ஒரே இதழுக்குப் பல அட்டைகள் அச்சிட்டு, ஒருவனையே பல முறை வாங்கச் செய்வதும் வாசகனை மதிக்கும் செயல் அன்று.

இதற்கு மாற்றாக எழுந்தவையே தன்னுரிமைப் படைப்புகள். 1992-இல் ஓவியர் எழுவர் பெரிய நிறுவனத்தை விட்டு வெளியேறி, படைத்தவர்க்கே உரிமை என்னும் கொள்கையுடன் ‘இமேஜ்’ பதிப்பகத்தை நிறுவினர். சீகலுக்கு நேர்ந்த அநீதிக்கு அவர்கள் தந்த மறுமொழி இதுவே எனக் கொள்ளலாம். நம் நாட்டில் ஓரிஜித் சென், நருமதை அணையால் நிலம் இழந்தோரின் துயரை 1994-இல் படக்கதையாக்கினார். சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2022-இல் அதனை மீண்டும் வெளியிட்டது. ஈழத்து வன்னியில் போரிடையே அலைந்த ஒரு குடும்பத்தின் கதையை பெஞ்சமின் டிக்ஸ் எழுத, லிண்ட்சே பொல்லாக் வரைந்து, ‘வன்னி’ என்னும் ஆங்கில நூலாக 2019-இல் வெளிவந்தது. அதில் பறக்கும் வீரன் இல்லை. குழந்தையைச் சுமந்து நடப்பவர்களே வீரர்கள். எங்கள் குழுவில் அதை ஒரே மூச்சில் படித்து முடித்தவர் எவரும் இலர். இடையிடையே புத்தகத்தை மூடி வைக்க நேர்ந்தது.

தமிழில் நிலை என்ன? சிவகாசிப் படக்கதைகள் நின்றுவிடவில்லை. முத்து காமிக்ஸ் 2022-இல் பொன்விழாவைக் கண்டது. இத்தாலியின் டெக்ஸ் வில்லர், பெல்ஜியத்தின் லக்கி லூக் முதலியோர் இன்றும் தமிழ் பேசி வருகின்றனர். தன் பெயரையே மறந்துபோன ஒருவன், தான் யார் என்று தேடி அலையும் ‘இரத்தப் படலம்’, பதினெட்டுப் பாகங்களும் ஒரே தொகுப்பாக 2010-இல் வந்தபோது தமிழ் வாசகர் அதனைக் கொண்டாடினர். ஆயினும் ஒரு குறை உண்டு. இவற்றை வாங்குவோரில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற நரைத்த தலையினரே. நம் இளமையை நாமே மீண்டும் வாங்கிக் கொள்கிறோம். பிள்ளைகளுக்கு வாங்கித் தருவதில்லை.

நம் குடியிருப்பில் ஒரு பெரியவர் இருக்கிறார். பெயர் சொல்வதை அவர் விரும்ப மாட்டார். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆலையில் பிரஸ் எந்திரம் அவருடைய வலக்கை விரல்கள் இரண்டைக் கொண்டு போயிற்று. வேலையும் உடன் போயிற்று. ஞாயிறு மாலைகளில் புங்க மரத்தடியில் அமர்ந்து, தம்மிடமுள்ள பழைய மாயாவிப் புத்தகங்களைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுவார். முதலில் அவர் படித்தார். பிள்ளைகள் படம் பார்த்தனர். ஒருநாள் அவர் பக்கத்தைத் திருப்புமுன், இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் விரலை வைத்து, “டுமீல்!” என்று படித்துவிட்டான். அவன் வாழ்வில் தானே படித்த முதல் தமிழ்ச்சொல் அந்த மூன்றெழுத்துத்தான்! துப்பாக்கி படத்தில் இருந்தது. ஒலி அவன் அறிந்தது. எழுத்து மட்டுமே புதிது. படக்கதை கற்பிக்கும் முறை இதுவே. பொருளைப் படம் முன்னரே சொல்லிவிடுகிறது. பேச்சோ ஒரு சிறு வட்டத்துள் அடங்கும் அளவே. அடுத்த கட்டத்தில் என்ன நேரும் என்னும் ஆவல், எழுத்துக் கூட்டும் களைப்பை மறக்கச் செய்கிறது.

அதே சிறுவன் பின்னொரு நாள் கேட்டான்: “தாத்தா, கை போனதுக்கு அப்புறம் மாயாவிக்கு வேலை கொடுத்தாங்களா?”

“கொடுத்தார்கள் அப்பா, கதையில் கொடுத்தார்கள்” என்றார் பெரியவர்.

இன்று அச்சிறுவன் தடுமாறியேனும் ஒரு பக்கம் முழுவதும் படிக்கிறான். அடுத்த ஆண்டு விழாவில் அவன் குறள் ஒப்பிப்பானாயின், அவன் கையிலுள்ள தாளில் தமிழ் எழுத்தே இருக்கும்.

ஆகவே சங்கத்தாரை நாங்கள் வேண்டுவன இரண்டு. சங்க அறையில் படக்கதைக்கென ஓர் அலமாரி ஒதுக்குங்கள்; எங்களிடம் உள்ளவற்றை இன்றே தந்துவிடுகிறோம். புதியவற்றுக்குச் சங்கத்தின் பெயரில் ஆண்டுச் சந்தா கட்டுங்கள். பெற்றோரை வேண்டுவது ஒன்றே. ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் பிள்ளையை மரத்தடிக்கு அனுப்புங்கள். இயன்றால் நீங்களும் வாருங்கள். பிள்ளை எழுத்துக் கூட்டித் தடுமாறும்போது முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள், சற்றுப் பொறுத்திருங்கள்.

படக்கதையோடு நின்றுவிடுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அது வாயிற்படி, வீடு உள்ளே இருக்கிறது. வாயிற்படியில் கால் வையாமல் வீட்டுக்குள் நுழைந்தவர் எவர்?