மருத்துவ மாணவரும் செயற்கை நுண்ணறிவும்

(மகாவீர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



நால்வகைத் தானங்களுள் ஔடத தானமும் ஒன்று. நோயுற்றார்க்கு மருந்தீவதை அறமென வகுத்தது ஜைன சமயம். ஆகவே, அம்மருந்தை நாளை ஈயவிருக்கும் மாணவர்கள் இன்று எவ்வாறு கற்கின்றனர் என்பது இவ்வவைக்குப் புறம்பான செய்தியன்று.

48 நாடுகளைச் சேர்ந்த 4,500க்கு மேற்பட்ட மருத்துவ, பல் மருத்துவ, கால்நடை மருத்துவ மாணவர்களிடம் செயற்கை நுண்ணறிவு பற்றிக் கருத்துக் கேட்கப்பட்டது. பெரும்பான்மையோர் அதனை வரவேற்றனர். ஆயினும் ஏறத்தாழ நான்கில் மூவர், தம் பாடத்திட்டத்தில் அதற்கென எதுவுமே இல்லை என்றனர். ஆர்வம் உண்டு, ஆயத்தம் இல்லை.

அவ்வார்வம் வீணானதன்று. சர்க்கரை நோயால் விழித்திரைக்கு நேரும் கேட்டைக் கண்டறிய, கூகுள் நிறுவனத்தார் 1,28,175 படங்களைக் கொண்டு ஒரு கணினி நிரலைப் பயிற்றினர். அரவிந்த் கண் மருத்துவமனையும் சங்கர நேத்ராலயாவும் துணைநின்ற அவ்வாய்வு 2016இல் வெளிவந்தது. கண் மருத்துவரோடு ஒப்ப அந்நிரல் நோயைக் கண்டது. பின்னர் தாய்லாந்தின் மருத்துவ நிலையங்களுக்கு அது சென்றபோது, செவிலியர் எடுத்தனுப்பிய 1,838 படங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தெளிவில்லையென அது ஏற்க மறுத்தது. அறையைப் போதிய அளவு இருட்டாக்க இயலாமை ஒரு காரணம். ஆய்வுக்கூடம் வேறு, கூட்டம் நெருங்கும் மருத்துவ நிலையம் வேறு என்பதை மாணவர்க்கு யார் கற்பிப்பது?

இதனினும் ஆழ்ந்த கவலை ஒன்றுண்டு. உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் மதிஞானத்திற்கு நான்கு படிகளை வகுத்தார். பொருள் புலனுக்கு எட்டுதல் அவக்கிரகம். அது யாதென ஆராய விழைதல் ஈஹை. இன்னதெனத் துணிதல் அவாயம். துணிந்ததை உள்ளத்தில் இருத்தல் தாரணை. (ஈஹையைக் கொடை எனப் பொருள்படும் ஈகையோடு மயங்கற்க.) இயந்திரம் மாணவர் கையில் அவாயத்தை ஆயத்தமாகத் தந்துவிடுகிறது. இடையிலுள்ள ஈஹை விடுபடுகிறது. தேடாமல் பெற்ற துணிபு உள்ளத்தில் எங்ஙனம் நிலைக்கும்?

கைதேர்ந்தோர்க்கும் இவ்விடர் உண்டுபோலும். போலந்து நாட்டின் நான்கு மருத்துவ நிலையங்களில் பெருங்குடல் உள்நோக்குச் சோதனை செய்யும் அனுபவமிக்க மருத்துவர்கள், புற்றாக மாறக்கூடிய கட்டிகளை 28.4 விழுக்காட்டுச் சோதனைகளில் கண்டறிந்து வந்தனர். செயற்கை நுண்ணறிவு பழக்கத்திற்கு வந்தபின், அதன் துணையின்றிச் செய்த சோதனைகளில் அவ்விகிதம் 22.4 ஆயிற்று. 2025இல் வெளிவந்த இவ்வொரு ஆய்வு கொண்டு முடிவு கட்டுதல் தகாது. எனினும், பெற்ற திறனே தேயக்கூடுமெனில், இன்னும் பெறாத மாணவர் நிலை யாது?

இயந்திரத்தை விலக்குதல் வழியன்று. அதன் வரவால் பயனடையும் ஏழை நோயாளர் பலர். மாணவர் முதலில் நோயாளரைத் தொட்டும் கேட்டும் ஆராய்ந்து, தம் துணிபைக் குறிப்பேட்டில் எழுதட்டும். பிறகே இயந்திரத்தின் விடையைக் காணட்டும். இரண்டும் வேறுபடின் ஆசிரியரோடு ஆராயட்டும். ஒத்திருப்பினும் காரணம் கூறட்டும். இதற்குப் பெருஞ்செலவில்லை. கல்வி உதவி நாடிவரும் மருத்துவ மாணவரிடம் மதிப்பெண் பட்டியலை மட்டும் கேட்கும் அறக்கட்டளைகள், நோயாளர் பெயர் நீக்கிய அக்குறிப்பேட்டின் சில பக்கங்களையும் இனிக் கேட்டுப் பார்க்கலாம்.